திறக்க மறுத்த லைப்ரரி

...இல்லை என்கிறது கணினி, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று அடித்துச் சொல்கிறது, இப்போதுதானே கண் முன்னால் இருபது நிமிடத்தை விழுங்கி நிரல் ஒரு பிழையும் இல்லாமல் கொம்பைல் ஆகி முடிந்தது, பிறகு எப்படி இல்லை? தயாளினி அதே கட்டளையை மறுபடியும் அடித்தாள், அதே பதில், நிரல் துணைக்குக் கூப்பிடும் லைப்ரரிக் கோப்பைத் திறக்க முடியவில்லை. கொழும்புக் கம்பனி வைத்த பரீட்சை ஒரு மணித்தியாலம், திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டே வருகிறது, இருபத்தெட்டு நிமிடம். அரியாலையில் இந்த அறைக்குள் இருந்தபடி இணையம் வழியாக அவர்களுடைய கணினியில் அவர்கள் தந்த மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றி, அதாவது கொம்பைல் செய்து, ஓட வைக்கவேண்டும், அவ்வளவுதான். ஓடினால் வேலை, வேலை என்றால் கொழும்பு, கொழும்பு என்றால் கனடாவில் இருக்கும் அந்த அருட்செல்வனுக்குக் கழுத்தை நீட்டத் தேவையில்லை... இந்தக் கணக்கு அவளுக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளை ஏதோ கொம்பியூட்டர் வேலைக்குச் சோதனை எழுதுகிறாள் என்பது. கோயில் ஐயாவிடம் நல்ல நேரம் கேட்டு வந்ததும் அம்மாதான், பத்து முப்பத்தைந்துக்கு முடிகிறதாம், பத்து முப்பத்துநாலுக்கு வாசலில் வந்து நின்று, "தொடங்கு பிள்ளை, ஒரு நிமிசம்தான் கிடக்கு" என்று பதறியதில் அறிவுறுத்தலை அரைகுறையாகப் பார்த்துவிட்டுத் தொடங்கினாள். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

பதறாதே, ஒவ்வொன்றாகப் பார், நிரலுக்கு எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று பட்டியல் கேள்... பத்து வந்தது, ஒன்பது இருக்கிறது, ஒன்றைக் காணவில்லை. ஆனால் அந்த ஒன்றும் இருக்கிறதே, அவளே தன் கோப்புறைக்குள் நிறுவியதுதானே, நிரல்தான் வழக்கமான இடங்களில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று கைவிரிக்கிறது. இங்கே தேடு என்று ஒரு வரி எழுதிக் காட்டினாள். மறுபடியும் இல்லை. ஏன்? செந்தூரன் அண்ணையும் இப்படித்தான், ரொறன்ரோவில் இருந்து ஒவ்வொரு ஞாயிறும், "உனக்கு என்னடி குறை, பெடியன் நல்ல பெடியன்" என்பான், அவள் எதைச் சொன்னாலும் திரும்ப அதே வரி... பதினேழு நிமிடம். காற்றாடி சுடுகாற்றைத்தான் இறைக்கிறது, யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள், கதவைத் திறந்தால் அம்மா. அட, லைப்ரரி போய் இருப்பது பெயரின் முடிவில் அறுபத்துநாலு போட்ட அடுத்த கோப்புறையில், வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள். வரியைத் திருத்தினாள், ஓடியது! கத்தவேண்டும் போல இருந்தது. எதற்கும் அறிவுறுத்தலை ஒருதரம் முழுதாகப் படித்தால், நாங்கள் புதிய கட்டளைச் சாளரம் திறந்துதான் ஓட்டிப் பார்ப்போம் என்று மூன்றாவது வரியிலேயே கிடக்கிறது, ஐயோ, அவள் எழுதிய வரி இந்தச் சாளரத்துக்கு மட்டும்தானே செல்லும், புதியதில் பழையபடி இல்லை என்றல்லவா சொல்லும். பாதையை நிரலுக்குள்ளேயே எழுதிவிடவேண்டும், முழுவதையும் கொம்பைல் செய்யத் தேவையில்லை, லைப்ரரியோடு சேர்க்கும் கடைசி இணைப்பை மட்டும் மறுபடி செய்தால் போதும், ஒரு எழுத்துப் பிழைத்து, திருத்தி, புதிய சாளரம் திறந்து... ஓடுகிறது. ஆறு நிமிடம் மிச்சம். அனுப்பு என்ற பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி.

கதவு திறந்தது. "முடிஞ்சுதே பிள்ளை?" ஓம் அம்மா என்றாள், சிரித்தும் விட்டாள். "எனக்குத் தெரியும். இப்பதான் அருட்செல்வன்ரை தாய் கதைச்சவ, உனக்கு வேலை சரிவருது போல எண்டு சொன்னன். அவைக்கு நல்ல சந்தோசம். கொம்பியூட்டர் வேலைதானே, கனடாவிலை இருந்தும் செய்யலாமாம், ஆவணியிலையே கலியாணத்தை வைப்பமாம். நான் ஓம் எண்டு சொல்லட்டே?" அம்மாவின் கையில் கைபேசி, அழைப்பைத் துண்டிக்கக்கூட இல்லை. நாலு நிமிடம். அழுத்தினால் ஆவணி, அழுத்தாவிட்டாலும் ஆவணி. அப்படியென்றால் இத்தனை நேரம் எதற்காக வியர்த்தாள்? ஐந்து மாதமாக அம்மா கேட்டபோதும் பார்ப்போம், அண்ணை கேட்டபோதும் பார்ப்போம், வேண்டாம் என்ற சொல்லை ஒருவரிடமும் ஒருதரமும் சொன்னதில்லை, தனக்குப் பதிலாக இந்த வேலை அதைச் சொல்லிவிடும் என்றல்லவா இருந்திருக்கிறாள்... வெட்கமாக இருந்தது, கோபமாகவும். அம்மா இன்னும் வாசலில் நிற்கிறாள். தயாளினி வாயைத் திறக்கிறாள், எந்தச் சொல் வரப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.