கரையான் தொடாத மரம்

மட்டாஞ்சேரியில் மழை பிடித்துக்கொண்டால் விறகுக்காரன் கொண்டுவருவது பாதி விறகு, பாதி தண்ணீர். எழுபத்தெட்டாம் வருஷத்து ஆடி மாதத்தில் ஒச்சம்மாள் அடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்து, அடுப்பையும் கொச்சியையும் தன்னை அங்கே கொண்டுவந்து தள்ளிய புருஷனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தப் புருஷன், சங்கிலிப்பாண்டி, கைவண்டி நிறைய மரத்தைக் கொண்டுவந்து இறக்கினான்.

அவன் படகுத்துறைப் பக்கம் ஒரு கிடங்கில் மூட்டை சுமக்கிறவன். சரக்கு மூட்டையில் தரை ஈரம் ஏறாமல் இருக்கக் கீழே போடுகிற மரத்தட்டுக்கு அங்கே பாலட் என்று பெயர். கட்டைகளின்மேல் பலகைகளை வைத்து ஆணி அறைந்திருப்பார்கள், அவ்வளவுதான். பழசாகிக் கொல்லையில் கிடந்தவற்றை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம்.

"மத்ததெல்லாம் கரையான் தின்னு தீத்திருச்சு. இந்த அடுக்கை மட்டும் தொடல. அதான் பாத்துப் பொறுக்கிட்டு வந்தேன்" என்றான்.

ஒச்சம்மாள் பலகையைப் புரட்டினாள். உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தவளுக்கு விறகு பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரையான் ஏறவில்லை என்றால் வைரம் பாய்ந்த மரம். நின்று எரியும், நல்ல கங்கு விழும். வருஷக்கணக்கில் மண்ணில் கிடந்தும் இதில் ஒரு பூச்சித் துளை இல்லை, ஓர் எறும்புகூட ஊரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகப் புருஷனின் புத்தியை மெச்சினாள்.

கடப்பாரையால் நெம்பி, ஆணியைப் பிடுங்கி, கோடாலியால் அவளே பிளந்தாள். பலகை இடுக்குகளில் வெள்ளையாக ஏதோ மாவு படிந்திருந்தது. சுண்ணாம்பாக இருக்கும் என்று கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஒரு நெடி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. பழைய மரத்தில் தூசி இல்லாமலா இருக்கும்?

அடுப்பு ஜோராக எரிந்தது. தீயின் ஓரத்தில் மட்டும் பச்சையாக ஒரு கரை தெரிந்தது. புகை கூரைக்கு ஏறாமல் தரையோடு தரையாகப் படுத்து, யாரையோ தேடுவதுபோல மூலை மூலையாகப் போனது. சோறு சீக்கிரம் வெந்துவிட்டதால் புகையைப் பற்றி அவள் பெரிதாக நினைக்கவில்லை.

அவளுடைய நினைப்பெல்லாம் மாயம்மாள்மேல். இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய், மூன்றாவதாகப் பிறந்த கைக்குழந்தை. அழ ஆரம்பித்தால் தெருவே கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த லதீஃபா, "ஒச்சம்மா, உன் கொச்சு இருக்கும்போ நமக்குக் கப்பல் சங்கு எதுக்கு?" என்று கேலி செய்வாள். ஒச்சம்மாளுக்கு அந்தக் கேலி பிடிக்கும். முதல் இரண்டும் சத்தமே போடாமல் போன பிள்ளைகள்.

சாயங்காலமானால் மாயம்மாளைக் குளிப்பாட்டுவாள். அடுப்புக் கங்கைச் சட்டியில் அள்ளிச் சாம்பிராணி தூவி, நீட்டிய கால்மேல் குழந்தையைக் கிடத்தித் தலைக்குப் புகை காட்டுவாள். சளி அண்டாது. ஈர விறகில் கங்கே விழாமல் திண்டாடியவளுக்கு இந்த மரம் நெடுநேரம் கனன்றுகொண்டிருந்தது வரமாகத் தெரிந்தது.

முதலில் சர்க்கரை டப்பாவை விட்டு எறும்பு போனது. பிறகு கொசு. மட்டாஞ்சேரியில் கொசு இல்லாத வீடு! லதீஃபா வந்து பார்த்து வாயைப் பிளந்தாள். "எங்க வீட்ல கொசுக்கடியில இருக்க வய்யா, முடியல. நீ என்ன மந்திரம் செஞ்சே?"

"எல்லாம் கைராசிதாங்க்கா" என்று ஒச்சம்மாள் சிரித்தாள்.

அயிலை மீன் கழுவிய இடத்தில் ஈ மொய்க்கவில்லை. சுவர்க்கோழியின் கிறீச்சொலி நின்றது. அடுப்புச் சாம்பலில் சுருண்டு படுக்கிற பூனை, வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மழை ஓய்ந்த நேரங்களில் வீட்டுக்குள் அவளுடைய மூச்சே அவளுக்குக் கேட்டது. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே, ஏன் முதுகு சில்லிடுகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

மாயம்மாளும் அமைதியானாள்.

"பாப்பாவுக்குப் புத்தி வந்திருச்சு" என்றான் சங்கிலிப்பாண்டி. பாவம், தூங்கக் கிடைத்த சந்தோஷம் அவனுக்கு. "இப்ப நல்ல அடக்கமான கொச்சு" என்றாள் லதீஃபா. ஒச்சம்மாளும் தலையாட்டினாள். ஆனால் குழந்தை பால் குடிக்கும்போது பாதியிலேயே வாயை விட்டுவிட்டுக் கண்ணை அரைகுறையாக மூடிக்கொள்ளும்போதெல்லாம், ஒரு தடவை கத்தேன்டி என்று கெஞ்ச வேண்டும்போல இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் தலையில் தண்ணீர் ஊற்றியபோதும் குழந்தை அழவில்லை. துடைத்துப் பாயில் கிடத்திவிட்டுக் கங்கை அள்ளினாள். சாம்பிராணி தூவினாள். புகை தரையில் படுத்துப் பாயை நோக்கி நகர்ந்தது.

சுவரிலிருந்து ஒரு பல்லி பொத்தென்று குழந்தையின் பக்கத்தில் விழுந்தது. பல்லி விழுந்தால் பலன் பார்க்கிறவள்தான் ஒச்சம்மாள். ஆனால் இந்தப் பல்லி விழுந்த இடத்தை விட்டு ஓடவில்லை. மல்லாந்து கிடந்தது, கால்கள் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தன. பக்கத்தில் குழந்தையின் கால் விரல்களும் அதேபோல வெட்டி இழுத்தன.

எறும்பு, கொசு, ஈ, பல்லி. அடுத்தது யார்?

ஒச்சம்மாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கரையான் அந்த மரத்தை விட்டுவைத்தது வைரத்துக்காக இல்லை. எந்தக் காலத்துப் பூச்சிமருந்து மூட்டை கிழிந்து அதில் ஊறியதோ! கரையானுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போனதே, என் கையாலேயே புகை போட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சட்டியை எட்டி உதைத்துவிட்டுக் குழந்தையை வாரிக்கொண்டு ஓடினாள். "லதீஃபாக்கா, என் புள்ள!" என்று அவள் போட்ட கூச்சலில் லதீஃபாவும் குடையோடு பின்னால் ஓடிவந்தாள். படகுத்துறைக் கொட்டகையில்தான் நின்றார்கள். காயலிலிருந்து காற்று அடித்தது. "ஆட்டோ! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" என்று லதீஃபா தெருவைப் பார்த்துக் கத்தினாள். குழந்தை துவண்டு கிடந்தது.

காதோரம் கொசு பாடியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்கிற பாட்டு. அது வந்து குழந்தையின் நெற்றியில் உட்கார்ந்தது. லதீஃபா அடிக்கக் கை ஓங்கினாள். ஒச்சம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. கடிக்கட்டும்."

நெற்றி சுருங்கியது. உதடு பிதுங்கியது. முதலில் ஒரு முனகல், பிறகு கொட்டகையே அதிர்கிற அழுகை. "அல்லாவே!" என்று லதீஃபா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆட்டோவும் வந்து நின்றது.

ஒச்சம்மாள் இன்னும் கொசுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் வயிறு சிவந்திருந்தது. அது குடித்தது தன் பிள்ளையின் ரத்தம். பல்லியைப் போல இதுவும் விழுந்துவிடக் கூடாது என்று, வாழ்நாளில் முதன்முறையாக, ஒரு கொசுவுக்காகக் குலசாமியை வேண்டிக்கொண்டாள்.

கொசு கனத்த வயிற்றோடு மெதுவாக எழும்பிக் காயல் பக்கம் பறந்து போனது. அதற்குப் பிறகுதான் ஒச்சம்மாள் அழுதாள்.