ஒன்றை அழுத்தவும்

சூசைமேரிக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மாயக்கண்ணனின் மில் ஆபீசில் அவர் மேஜைமேல் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுவயல் அரிசி மில்களுக்கு உமி நீக்கும் ரப்பர் ரோலர் விற்பவள் அவள். அந்த ஏஜென்சியில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது. கோயம்புத்தூர் கம்பெனி இந்த வருஷம் ஏஜெண்டுகளுக்கு ஒரு ஆப் கொடுத்திருந்தது. மில்லில் ரோலரை மாட்டிய பிறகு பெட்டியிலுள்ள ஸ்டிக்கரை அங்கேயே ஸ்கேன் செய்தால்தான் விற்ற கணக்கு. இங்கே மில்காரர்கள் அறுவடைக்கு முன்பே வாங்கி அடுக்கிவைத்து, புது நெல் வந்த பிறகுதான் மாட்டுவார்கள். அதெல்லாம் ஆப்புக்குத் தெரியுமா? சரக்கு விற்கவில்லை என்று முறைத்தது. பெரிய கெட்டிக்காரி நினைப்பில் சூசைமேரி மில்களில் மாட்டாமல் கிடந்த பெட்டிகளின் ஸ்டிக்கர்களைக் கிழித்து வாங்கிவந்து, ஞாயிறு பூசை முடிந்ததும் தன் கடையில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டாள்.

எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரவும் ஆப் பூட்டிக்கொண்டது. கம்பெனி ஆள் அருண் ஜோசப் போனில் விவரம் சொன்னான். சரிபார்ப்பதற்காக, ரோலர் வாங்கியவர்களில் ஒருவரான மாயக்கண்ணனுக்கு இன்று கம்பெனி அழைப்பு வரும், மாட்டியாச்சா என்று கேட்கும். இல்லையென்று தெரிந்தால் ஏஜென்சி காரைக்குடியில் வேறொருவருக்குப் போய்விடும்.

போன் அடித்தது. மாயக்கண்ணன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். “ரோலரைப் பொருத்திவிட்டீர்கள் என்றால் ஒன்றை அழுத்தவும்” என்றது பதிவுக்குரல்.

“ஒண்ணை அமுக்குங்கண்ணே. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

மாயக்கண்ணன் அழைப்பைத் துண்டித்தார். “மாட்டாததை மாட்டிட்டேன்னு எப்படித் தங்கச்சி சொல்றது?”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பதில் அழுத்தாவிட்டால் இன்னும் ஒரு தடவைதான் அடிக்கும் என்று அருண் ஜோசப் சொல்லியிருந்தான். அதைச் சொன்னாள்.

அவர் எழுந்துபோய் மில்லை நிறுத்தச் சொன்னார். காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் சூசைமேரிக்குப் பயமாக இருந்தது. ஆட்கள் பழைய ரோலரைக் கழற்றினார்கள். அதில் பாதி ரப்பர் தேயாமல் இருந்தது. புதியதை மாட்டி முடுக்குவதற்குள் போன் மறுபடி அடிக்கக்கூடாதே என்று மாதாவை வேண்டிக்கொண்டாள்.

கடைசி போல்ட்டை இறுக்கிவிட்டு ஆட்கள் கையைத் துடைக்கும்போது அடித்தது. மாயக்கண்ணன் முழுதும் கேட்டுவிட்டு ஒன்றை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் அவள் போனில் ஆப் திறந்துகொண்டது.

அவள் கும்பிட்டாள். அவர் கழற்றிப்போட்ட ரோலரைத் தடவிக்கொண்டே கேட்டார்: “என் மில்லை நான் நிறுத்திட்டேன். நாளைக்குக் கம்பெனி வேற மில்லுக்குப் போன் போட்டா என்ன செய்வ?”

சூசைமேரிக்கு, மாட்டாமலேயே தான் ஸ்கேன் செய்த மற்ற மில்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கையிலிருந்த போனை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.