வெளியே போன ஜெபக் குறிப்பு

அம்மாவுக்கு அன்று யார்மேல்தான் கோபம் இல்லை? எல்லாரையும்விடத் தன்மேல்தான் அதிகம். மகளுக்குக் கிறிஸ்தவக் கல்லூரியில் ஹானர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மார்க்கைப் பார்த்தே கொடுத்துவிட்டார்கள். ஆனால் உதவித்தொகை இல்லாமல் அந்த வாசலைக்கூட மிதிக்க முடியாது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க விரிப்புகளைத் தேய்த்து அம்மா வாங்கும் சம்பளம் வாடகைக்கும் வயிற்றுக்குமே இழுபறி. உதவித்தொகை தருவது அவர்கள் போகிற சர்ச். அதற்குத் தனி நேர்காணல் உண்டு. விசுவாசத்தில் உறுதியான பிள்ளைகளுக்குத்தான் தருவார்களாம்.

அப்பா இறந்த சில மாதங்களில் மகள் ஒருநாள், "நாம ஜெபிக்கிறது யாருக்காவது கேக்குதாம்மா?" என்று கேட்டிருந்தாள். அம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? பெண்கள் ஜெபக்குழுவில், "என் பொண்ணு விசுவாசம் தளராம இருக்க ஜெபிச்சுக்குங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெபக் குறிப்புக் கொடுத்தாள். குழுவை நடத்துகிற அக்கா அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவர் காதில் போட்டாள். அவர்தான் உதவித்தொகைக் குழுவின் தலைவர். ஊர் விஷயத்தைக் கண்ணைத் திறந்துகொண்டு பேசினால் புறணி. மூடிக்கொண்டு பேசினால் ஜெபம். என்ன சௌகரியம்!

நேர்காணலில் அம்மாவும் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பாடத்தைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் மகள் பட்பட்டென்று பதில் சொன்னாள். கடைசியில் தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"விசுவாசத்துல உனக்குக் கொஞ்சம் தடுமாற்றம்னு கேள்விப்பட்டேன். நிஜமாம்மா?"

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூனிக் குறுகிப் போனாள். இல்லைன்னு சொல்லுடி, சொல்லித் தொலைடி என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

"கேள்வி இருக்கு சார். அதுக்காக நான் சர்ச்சுக்கு வராம இல்லையே."

"கஷ்டத்துலயும் அசையாம நிக்கிறவங்களுக்குத்தான்மா இந்தப் பணம். குடுத்தவங்களுக்கு நாங்க பதில் சொல்லணும்ல?"

அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. எழுந்தே விட்டாள்.

"சார், இவ கேள்வியாவது கேட்டா. இவ அப்பா போனதுலேர்ந்து நான் ஜெபமே பண்றதில்ல. உங்க வீட்டம்மா பக்கத்துல கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருப்பேன், அவ்வளவுதான். சர்ச்சுல என்னை நல்ல விசுவாசின்னு சொல்றீங்க. உண்மையச் சொன்ன பிள்ளைக்குத் தண்டனையா?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, ஜெபத்தோட முடிச்சுக்கலாம். முடிவ அப்புறம் சொல்லி அனுப்புறோம்" என்று கண்ணை மூடினார். மற்ற இருவரும் மூடிக்கொண்டார்கள்.

"கண்ணத் தொறங்க சார். முதல்ல பதிலச் சொல்லுங்க."

திறந்தார். அம்மாவைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார்: "இந்த வருஷம் முடியாதும்மா."

"இப்பப் பண்ணுங்க உங்க ஜெபத்த" என்றாள் அம்மா. மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

நடைபாதையில் பாதி தூரம் போனதும் மகள் கையை உதறினாள்.

"உனக்கும் அப்படித்தான்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. நான் மட்டும்தான் இப்படின்னு இத்தனை நாளா அழுதுக்கிட்டிருந்தேன்."