மரைக்கார் சொன்ன பொறுப்பு

மீராமுகைதீன் மரைக்கார் "நான் பொறுப்பு" என்றால் கலியாணம் நடக்கும். வாயைத் திறக்காவிட்டால் நின்றுபோகும். தாய்வழியில் வரும் தன் குடியின் சார்பில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் உட்காருகிறவர் அவர். அந்த வாயால்தான், "ஸிராஜிட கம்பெனிக்குப் புள்ளையள அனுப்புங்க, நான் பொறுப்பு" என்று ஊருக்குச் சொன்னார். ஸிராஜ் அதே குடியைச் சேர்ந்தவன். கட்டாரிலிருந்து வந்து, கல்முனைப் பிரதான வீதியில் புடவைக்கடைக்கு மேல்மாடியில் மென்பொருள் நிறுவனம் திறந்திருந்தான். மரைக்காரின் மகள் பஹ்மிதாவே அங்கே ஒரு குழுவுக்குத் தலைவி. அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் தங்கள் பெண்பிள்ளைகளை அனுப்பினார்கள்.

அப்படி அனுப்பியவர்களில் ஒருவரான ஷரிபுதீன், அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் சனங்களுக்கு நடுவே போனை மரைக்காரின் முகத்துக்கு நேரே நீட்டினார். படத்தில் ஷரிபுதீனின் மகள் பரீனா. தலைக்கு மேல் கழுதைக் காது வரைந்து, கீழே 'இந்த வாரத்து மூளை' என்று எழுதியிருந்தது.

"கம்பெனிட குறூப்பில போட்டது. பொண் பாக்க வந்த ஆக்கள்ர போனுக்கும் போயிட்டு. எங்க மரைக்கார் உங்கட பொறுப்பு?"

மரைக்கார் அன்று காலை, ஸிராஜின் அலுவலகம் திறந்த கையோடு படியேறிவிட்டார்.

"வாங்க மாமா, இரிங்க. டீயா, நெஸ்கபேயா?" என்று எழுந்தான் ஸிராஜ்.

"நிண்டே கதைக்கன். பரீனாட படத்துக்கு ஏன் காது?"

"அது பகிடி மாமா. பிழ விட்ட ஆள்ர படத்தத் திங்கக்கிழமக் கூட்டத்தில பெரிய திரையில காட்டுவம். எல்லாரும் சிரிப்பாங்க. மறுகா ஆரும் அந்தப் பிழையச் செய்யமாட்டாங்க. இங்க நாம எல்லாரும் ஒரே குடும்பம்தானே?"

"அப்ப உன்ட உம்மாட படத்துக்கும் காது கீறு."

ஸிராஜின் முகத்தில் சிரிப்பு செத்தது. "இது பள்ளிக் கூட்டமில்ல மாமா, என்ட கம்பெனி. விருப்பமில்லாத ஆள் போகலாம். காது கீறினதும் நானில்ல." கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கையை நீட்டினான். "உங்கட மகள்தான். ஒவ்வொரு கிழமையும் அவதான் கீறுற. நல்லாக் கீறுவா."

பஹ்மிதாவைக் கூப்பிட்டார். வந்தாள்.

"நீயா?"

"ஓம் வாப்பா." அவள் குரல் தாழவில்லை. "முதல் மாசம் எனக்குத்தான் காது வெச்சாங்க. சிரிச்சிட்டு நிண்டன். நான் கீறாட்டி மறுகாவும் எனக்குத்தான் கீறுவாங்க."

"வா. வீட்ட போவம்."

"வரமாட்டன். இந்தக் கதிரைக்கு வர நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியா. பள்ளியில நீங்க மரைக்கார். இங்க நான் தலைவி. போங்க வாப்பா, எல்லாரும் பாக்காங்க."

அவள் போனதும் ஸிராஜ் குரலைத் தணித்துக்கொண்டு கிட்ட வந்தான். "படத்த அழிச்சிடுறன் மாமா. நம்மட புள்ளதான் கீறினண்டு வெளியில ஒருத்தருக்கும் தெரியா. நீங்களும் வாயத் திறக்காதீங்க. நம்மட குடிட மானம்."

மானம் என்ற சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டபோதுதான் மரைக்காருக்கு உடம்பு எரிந்தது. பேசாமல் இருந்தால் வீட்டுப் பெயர் தப்பும். ஆனால் சொன்ன சொல் பொய்யாகிவிடும்.

"உன்ட வாயால அந்தச் சொல்லச் சொல்லாத" என்றுவிட்டு இறங்கினார்.

நேரே ஷரிபுதீனின் வீட்டுக்குப் போனார். உள்ளே பரீனா கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். ஷரிபுதீன் இரிங்க என்று சொல்லவில்லை.

"அந்தக் காதக் கீறினது என்ட மகள்" என்றார் மரைக்கார். "நான் சொன்ன பொறுப்பத் திருப்பி எடுக்கன். உங்கட புள்ளைய இனி அங்க அனுப்பாதீங்க."

ஷரிபுதீனின் குரல் உயர்ந்தது. "உங்கட மகளா? இதச் சொல்ல வெக்கமில்லையா உங்களுக்கு? இனி ஒரு கலியாணப் பேச்சுக்கும் உங்கட வாசலுக்கு நாங்க வரமாட்டம்."

"வராதீங்க."

முதுகை நிமிர்த்திக்கொண்டு, தன் சொல்லை நம்பிப் பெண்பிள்ளையை அனுப்பிய அடுத்த வீட்டுக்கு நடந்தார்.