கயிற்றின் மறுமுனை

பவளப்பாறை ஆராய்ச்சிக்காகப் பன்னிரண்டு நாள் கடலிலேயே தங்கிய படகு அது. முக்குளிக்கும் ஆறு பேருக்கும் சிலிண்டரில் காற்று நிரப்பித் தருவது மெக்கானிக்கின் வேலை. திரும்பி வரும் சிலிண்டரில் மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தே, யார் நிதானக்காரர், யார் படபடப்புக்காரர் என்று சொல்லிவிடுவார்.

ஆறு பேரில் ஒருவன் அவர் மனைவியின் தம்பி. அளவுநாடாவைப் பாறைமேல் விரித்து, எந்தப் பவளம் உயிரோடிருக்கிறது, எது வெளுத்துவிட்டது என்று எண்ணிக் குறித்து வருவான். எப்போதும் பாதிக் காற்றோடு மேலே வருகிறவன், மூன்று நாளாக முள் சிவப்பைத் தொட்ட பிறகே வந்தான். சாப்பாட்டையும் கோழி மாதிரி கொறித்தான்.

நான்காம் நாள் காலை, சிலிண்டரை மாட்டிவிடும் சாக்கில் அவனை ஓரங்கட்டினார்.

“என்ன மாப்ள, என் காத்து அவ்வளவு ருசியாவா இருக்கு? மொத்தத்தையும் குடிச்சிட்டு வர்றே?”

அவன் சிரிக்கவில்லை. தோள்வாரைப் பிடித்தபடி நின்றான்.

“பயமா இருக்கு மாமா.”

போன பயணத்தில் நீரோட்டம் அவனை இழுத்துப் போயிருக்கிறது. பத்து நிமிஷம் பாறையும் இல்லை, கூட வந்தவரும் இல்லை. சுற்றிலும் வெறும் நீலம். படகு தேடி எடுத்ததும், ஒன்றுமே நடக்காதது போலச் சிரித்து மழுப்பிவிட்டான். இப்போது பாறையின் விளிம்பைப் பார்த்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறதாம்.

“அக்காகிட்ட சொல்லிடாதீங்க.”

“உங்க அக்காகிட்ட எதைச் சொல்லி நான் நல்ல பேர் வாங்கியிருக்கேன்? ஆனா தலைவியம்மாகிட்ட நீ சொல்லியே ஆகணும். வா, நானும் வர்றேன்.”

குழுத் தலைவி முழுக்கக் கேட்டார். திட்டவில்லை.

“வேணாம்னா இன்னிக்கு மேலயே இருப்பா. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.”

“இன்னிக்கு விட்டா அப்புறம் இறங்கவே மாட்டேன் மேடம்.”

ஆழம் குறைந்த பக்கம், துணைக்கு ஒருவர், இடுப்பில் ஒரு கயிறு என்று முடிவானது. மறுமுனையை யார் பிடிப்பது என்று கேட்க வாயெடுத்தார் தலைவி. மெக்கானிக் அதற்குள் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் உடனே தூக்கு.

அவன் இறங்கியதும் நிமிஷத்துக்கொரு இழுப்பு வந்தது. அவரும் சளைக்காமல் பதில் இழுத்தார்.

“கம்பியில கட்டிட்டு டீ குடிங்களேன்” என்றார் படகோட்டி.

“மாப்ளை கூப்பிட்டா கம்பி பதில் சொல்லுமாய்யா?”

வரவர இழுப்புகள் குறைந்தன. பிறகு ஐந்து நிமிஷம் ஒன்றுமே இல்லை. அவர் மெல்ல ஒரு இழுப்பு இழுத்தார். கீழிருந்து வெடுக்கென்று ஒன்று வந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து, ஏணியில் தலை நீட்டும்போதே அவன் சண்டைக்கு வந்தான்.

“எண்ணிக்கிட்டிருக்கப்ப இழுத்தா எண்ணிக்கை தப்பிடாதா மாமா?”

அவர் கயிற்றைப் போடப் பார்த்தார். விறைத்துப்போன விரல்கள் விரியவில்லை. நீர் சொட்டச் சொட்ட அவன் அவர் முன்னால் மண்டியிட்டு, விரல் விரலாகப் பிரித்துத் தேய்த்துவிட்டான்.

“விடுங்க, அதான் வந்துட்டேன்ல.”

“இருடா, என்ன அவசரம்” என்றார் அவர்.