தானாக விழாத பெயர்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. நம் கிளேபர்ன் ஊர் மெக்கானிக் ஒருவன் கோர்ட்டில் ஜெயித்த கதையைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆட்டம். அந்த மெக்கானிக் வெர்ன் ஹேட்சர் மட்டும் தூரத்துத் தெருவில் பிக்கப் வண்டியின் கண்ணாடியை இறக்கிவிட்டு, அரங்கத்துக்குள்ளிருந்து வரும் கூச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆடுவது அவன் மகள் டெல்லா. ஆனால் பள்ளி வாசலை மிதித்தால் அவனுக்குச் சிறை.

என்ன குற்றம்? இருபத்தொரு வயதில், பீர் போதையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடந்த பள்ளிச் சுவரோரம் சிறுநீர் கழித்தான். ரோந்து போலீஸ் பிடித்தது. பள்ளி இடத்தில் ஆபாசம் என்று வழக்காகி, பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் பெயர் ஏறியது; அதில் இருப்பவர் பள்ளிக்குள் நுழையக் கூடாது. பிள்ளைகளைக் காக்க அந்தப் பட்டியல் வேண்டும்தான். இவன் பெயர் அதில் எதற்கு? பத்து வருடம் போனால் பட்டியலிலிருந்து பெயர் தானாக விழுந்துவிடும் என்று நம்பினான். பட்டியலில் இருப்பவர் வருடாவருடம் போட வேண்டிய கையெழுத்தை, பதினெட்டாவது வருடமும் ஊர்ப் போலீஸ் தலைவரான ஷெரீஃபின் அலுவலகத்தில் போட்டான்.

ஆட்டம் முடிந்து டெல்லா வண்டியில் ஏறினாள்.

"அப்பா, பிப்ரவரியில சீனியர் நைட். கடைசி வருஷப் பிள்ளைங்களைப் பெத்தவங்க கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. அம்மாவும் உயிரோட இல்ல. நான் என்ன, நம்ம நாயோடவா நடக்கறது?"

மறுநாளே வெர்ன், நூலகத்தில் இலவசச் சட்ட உதவி தரும் வக்கீல் மிஸ் ப்ரூயிட் முன்னால் போய் நின்றான்.

"எட்டு வருஷம் முன்னாடியே உங்களுக்குத் தகுதி வந்தாச்சே! பேரை நீக்கச் சொல்லி மனு போட்டீங்களா?"

"தானாப் போயிடும்னு இருந்துட்டேன் மேடம்."

"அடுப்புல ஒட்டுன எண்ணெயே தானாப் போறதில்லங்க!"

மனு போட்டார்கள். விசாரணையன்று, வருடாவருடம் அவனிடம் கையெழுத்து வாங்கிய ஷெரீஃப் அலுவலக அதிகாரி டக் சாட்சிக்கூண்டில் ஏறினார். "இத்தனை வருஷத்துல ஒரு நாள் லேட்டா வந்ததில்லைங்க. எங்க ஆபீஸ்காரங்ககூட அப்படி இல்ல." கோர்ட்டே சிரித்தது. அரசு வக்கீலும் மறுப்புச் சொல்லவில்லை.

நீதிபதியம்மாள் கேட்டார்: "இவ்வளவு நாளா ஏன் வரல?"

"வெக்கமா இருந்துச்சுங்கம்மா."

"செஞ்ச தப்புக்கு வெக்கப்படுங்க, மிஸ்டர் ஹேட்சர். சட்டம் குடுத்த உரிமையக் கேக்க எதுக்கு வெக்கம்?" சொல்லிக்கொண்டே, பெயரை நீக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார்.

சீனியர் நைட் வந்தது. வாசலில் வெர்னின் கால் தயங்கியது.

"நடப்பா. அழுது என் யூனிஃபார்மை நனைச்சே, தொலைஞ்ச!" என்றாள் டெல்லா.

ஒலிபெருக்கி முழங்கியது: "டெல்லா ஹேட்சர்! உடன் வருபவர், அவள் அப்பா வெர்ன் ஹேட்சர்!"

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

கண்ணுகளா, சட்டத்தில் வழி இருக்கும். அது நம்மைத் தேடி வராது. நாம்தான் போய்க் கேட்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஜெயிக்கும் நாளில், பெற்றவர்கள் எல்லோரும் அரங்கத்துக்குள்ளேயே இருக்கட்டும். நன்றாயிருங்கள்.