பொத்தான் டப்பாவில் கருஞ்சீரகம்

எதிரே வீட்டோடு சேர்ந்திருந்த தையற்கடையை இடித்துவிட்டுக் கைப்பேசிக் கடை கட்டிவிட்டார்கள். என் பால்கனிக்கு இனி என்ன வேலை? ஒரு காலத்தில் அந்தக் கடைக்காரரின் சண்டை, சமையல், சமாதானம் எல்லாம் இங்கிருந்தே எனக்கு அத்துப்படி.

அவரை ‘இன்ச் டேப் மாமா’ என்போம். தெருவில் போகிறவர்களின் இடுப்பைக் கண்ணாலேயே அளப்பார். தன் இடுப்பு மட்டும் தெரியாது. சர்க்கரை, கொழுப்பு என்று டாக்டர் மாத்திரை எழுதிய பிறகுதான் டேப்பைத் தன்மேல் சுற்றிப் பார்த்தார்.

“கருஞ்சீரகம் இதயத்துக்கு நல்லதாம், சாப்பிட்டுத்தான் பாருங்களேன்” என்றாள் அவர் மனைவி, எங்களுக்கு அத்தை.

“அப்போ டாக்டர் எதுக்கு? நீயே போர்டு மாட்டிக்கோ!”

கடை நிறைய ஆள் இருக்கும்போது அப்படி நக்கலடித்தவர் மறுவாரமே பொத்தான் டப்பாவில் கருஞ்சீரகத்தை ஒளித்து வைத்து, அத்தை குளிக்கப் போன நேரத்தில் வெந்நீரோடு விழுங்கினார். அத்தை மட்டும் லேசுப்பட்டவளா? இது தெரியாமல் அவளும் தன் பங்குக்குக் கருஞ்சீரகத்தை வறுத்துப் பொடித்துத் தேனில் குழைத்து, இருமல் மருந்து என்று அவருக்கு ஊட்டினாள். என் கண்ணுக்கும் மூக்குக்கும் எது தப்பும்?

ஒரு மதியம் பாதி தைத்த கால்சட்டைமேலேயே மாமா சாய்ந்தார். சட்டையெல்லாம் வேர்வை. அத்தையும் நானும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

“சர்க்கரை ரொம்ப இறங்கியிருக்கு. இப்படி மயங்குற ஆள் தையல் மெஷின்ல உட்காரக் கூடாது” என்றார் டாக்டர். மாமாவின் முகம் செத்துவிட்டது. “மாத்திரை தவிர வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?”

“ஒண்ணுமில்ல” என்றார் மாமா. “ஒண்ணுமே இல்லங்க” என்றாள் அத்தை.

எனக்குப் பொறுக்கவில்லை. “டாக்டர், இவர் தனியா, இவங்க தனியா, ரெண்டு பங்கு கருஞ்சீரகம் உள்ள போகுது!”

டாக்டர் தலையில் கை வைத்தார். “மாத்திரையோட அதுவும் சேர்ந்தா சர்க்கரை இன்னும் இறங்கலாம். மாத்திரை இருக்கட்டும், ரெண்டு பங்கு கருஞ்சீரகத்தையும் நிறுத்துங்க. இனிமே எதுவானாலும் என்கிட்ட கேட்டுட்டுச் செய்யுங்க. மயக்கம் வராம இருந்தா மெஷினைத் தொடலாம்.”

திரும்பும் வழியில் அத்தைதான் வாயைத் திறந்தாள். “எங்க ஒளிச்சீங்க?”

“பொத்தான் டப்பால.”

“நான் சொன்னப்போ சிரிச்சீங்களே!”

“நீ ஊட்டினப்போ நான் கேள்வி கேட்டேனா?”

அடுத்த மாதம் மெஷின் சத்தம் மறுபடி கேட்டது. அதன் பிறகு வெகுகாலம் தைத்தார்.

நேற்று என் வீட்டுக்காரரின் பழைய சட்டைக்குப் பொத்தான் தேடினேன். கருஞ்சீரகத்தை ஒளித்து வைத்திருந்த நாட்களில் மாமா அந்த டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்த உபரிப் பொத்தான் பொட்டலம் கிடைத்தது. பிரித்தால் இரண்டு பொத்தான், ஒரு கருஞ்சீரகம். பொத்தானைத் தைத்துவிட்டேன். மற்றதைப் பொட்டலத்திலேயே மடித்து வைத்திருக்கிறேன்.